பெரிய கல் எத்தனை?

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் என்ற மென்பொருள் பூங்கா 1990-இல் தொடங்கியது. அங்கே வேலை கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் வைக்கும் கேள்வி, வாசலில் ஓடும் சாலையில் கிடைத்தது. பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 66. நம் நாட்டுச் சாலைகளில் ஒவ்வொரு ஐந்தாவது கிலோமீட்டர் கல்லையும் மற்றவற்றைவிடப் பெரிதாக நடுவது வழக்கம். 20-ஆம் கல் முதல் 60-ஆம் கல் வரை, இரு முனையும் சேர்த்து, பெரிய கல் எத்தனை?

"அறுபதில் இருபது போனா நாற்பது. ஐந்தால வகுத்தா எட்டு, சார்."

விரல் விட்டு எண்ணச் சொல்வேன். 20, 25, 30 என்று போய் 60-இல் நிற்கும்போது ஒன்பது ஆகியிருக்கும். வகுத்துக் கிடைத்தது இடைவெளி, கேட்டதோ கல். எட்டு இடைவெளிக்கு ஒன்பது கால் ஊன்ற வேண்டும் என்பது பந்தல்காரருக்குத் தெரியும், பட்டதாரிக்குத்தான் தடுமாற்றம்.

சரி, எப்போதும் ஒன்று கூட்டிக்கொள்ளலாமா? 22 முதல் 58 வரை பாருங்கள். வித்தியாசம் 36, ஈவு 7, ஒன்று கூட்டினால் 8. ஆனால் 25-இல் தொடங்கி 55-இல் முடியும் கற்கள் ஏழுதான்.

வழி இதுதான்: பூஜ்யத்திலிருந்து எண்ணிவிட்டு, வேண்டாததைக் கழிப்பது. 58-ஐ 5-ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டால் 11. தொடக்கத்துக்கு முந்தைய எண் 21, அதற்கு 4. பதினொன்றில் நாலு போக ஏழு. முதல் கணக்கிலும் 20-ஐ அல்ல, 19-ஐ வகுக்க வேண்டும். 20-ஐ வகுத்தால் அங்கே நிற்கும் கல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவோம். எல்லை நூறு கோடியானாலும் இரண்டு வகுத்தல், ஒரு கழித்தல். ஒவ்வொரு எண்ணாகச் சோதிக்கும் புரோகிராம் எழுதுகிறவரை நான் அவ்வளவாக ரசிப்பதில்லை.

லீப் வருடமும் இதே சங்கதிதான், கொஞ்சம் சிக்கலோடு. 1582-இல் வந்த கிரிகோரியன் நாட்காட்டியில் 4-இன் மடங்குகளை எடுத்து, 100-இன் மடங்குகளை நீக்கி, 400-இன் மடங்குகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும். 1901 முதல் 2000 வரை: 25, கழித்தல் 1, கூட்டல் 1, ஆக 25. 1801 முதல் 1900 வரை 24-தான், ஏனென்றால் 1900 லீப் வருடமல்ல.

லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் 1900-ஐ லீப் என்று கொண்டது. அதோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் அப்படியே வைத்துக்கொண்டது. வழக்கமான தேதி அமைப்பில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்துத் தேதியாக மாற்றிப் பாருங்கள்: 1900 பிப்ரவரி 29.