பானுகோபனின் மூன்று போர்கள்

சூரபன்மனின் மகன் பானுகோபன், கந்தபுராணத்து அசுரர்களில் எளிதில் சாகாதவன். முருகனின் தளபதி வீரவாகு தேவரோடு அவன் மூன்று முறை மோதுகிறான். யுத்த காண்டத்தின் படலப் பெயர்களைப் பார்த்தாலே இது தெரியும்: முதனாள் யுத்தம், மூன்றாநாள் யுத்தம், வதை.

அவன் பலம் தொட்டிலிலேயே தொடங்குகிறது. தன்மேல் வெயில் பட்டதென்று சூரியனைப் பிடித்துத் தொட்டிற் காலில் கட்டிய குழந்தை அவன். விடுவிக்கச் சொல்லி வந்த பிரமன் வெறுங்கையோடு வரவில்லை. கொடுத்த படைக்கலங்களில் மோகப்படையும் ஒன்று. வளர்ந்தபின் இந்திரன் மகன் சயந்தனைச் சிறைபிடித்து வந்தவனும் இவனே.

மன்னார்க் கடலோரத்துக்கு இந்தக் கதை அந்நியமல்ல. முருகன் பாசறை அமைத்த திருச்செந்தூர் இருப்பது மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில். அங்குள்ள கந்தமாதன மலையிலிருந்துதான் வீரவாகு தூதுவராகக் கடல் தாண்டுகிறார். வழியில் இருப்பது இலங்கை. கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் அதைச் சூரனின் தலைநகரான வீரமகேந்திரபுரத்துக்குக் காவல் நகராக வைத்திருக்கிறார். இராமாயணத்துக்காரர்கள் தலைமன்னாரின் மணல்திட்டுகளைக் காட்டி அணை கட்டிக் கடந்த கதை சொன்னால், கந்தபுராணத்தில் ஒரே பாய்ச்சல்.

முதல்நாள் போரில் பானுகோபனின் மோகப்படை வீரவாகுவின் சேனை முழுவதையும் மயக்கி வீழ்த்துகிறது. முருகன் அனுப்பிய அமோகப்படை மயக்கத்தை நீக்க, எழுந்த வீரவாகு சிவன் படையைக் கையில் எடுக்கிறார். இனி நின்றால் உயிர் மிஞ்சாது என்று கண்ட பானுகோபன் மாயத்தால் மறைந்து நகருக்குள் போய்விடுகிறான். மறுநாள் சூரபன்மனே களத்துக்கு வந்து தோற்றுத் திரும்புகிறான்.

தப்பிய பானுகோபன் சும்மா இருக்கவில்லை. பாட்டியான மாயையிடம் போய் மாயப்படையை வாங்கி வருகிறான். மூன்றாம் நாள் அது வீரவாகுவையும் தம்பியரையும் அள்ளிக்கொண்டு போய்ப் புறக்கடலில் போடுகிறது. மீட்டு வருவது முருகனின் வேல். இரண்டு முறையும் வீரவாகு தன் பலத்தால் மட்டும் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவரைத் தனியாளாய் வெல்லும் வீரனாகக் காட்டுவது கச்சியப்பரின் நோக்கமே அல்ல.

நகர் அழிந்து தம்பியர் பலரும் மாண்டபின், சிறையிலுள்ள தேவர்களை விட்டுவிடும்படி பானுகோபன் தந்தையிடம் சொல்கிறான். சூரன் சினக்கிறான். மகன் மறுபேச்சின்றிப் போருக்குப் புறப்படுகிறான். இம்முறை தப்பி ஓட்டம் இல்லை. வாட்போரில் வீரவாகு அவனைக் கொல்கிறார். தோற்கும் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தும் போகிற இந்த மகனைக் கம்பனின் இந்திரசித்தோடு ஒப்பிடாத வாசகர் குறைவு. மறைந்து போரிடுவது, தந்தைக்குச் சொன்ன அறிவுரை வீணாவது எல்லாம் இருவருக்கும் பொது.

ஈழத்தில் இக்கதையை மக்கள் அறிந்தது பெரும்பாலும் கோயில் புராணப் படிப்பின் வழியே. ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பொருளை விளக்கிப் பயன் சொல்வார். மன்னாரின் மாதோட்டத்தில் பாலாவிக் கரையில் போர்த்துக்கேயர் இடித்த திருக்கேதீச்சரக் கோயிலை மீண்டும் எழுப்ப வேண்டுமென 1872இல் எழுதிய ஆறுமுக நாவலர், கந்தபுராணத்தை அச்சேற்றியவர்களிலும் ஒருவர்.

ஐப்பசியில் கந்தசட்டியின் 6ஆம் நாள் கோயில் வீதிகளில் சூரன் போர் நடக்கும்போது, சூரனின் உருவத்துக்குத் தலைகள் மாற்றப்படும். யானைமுகமும் சிங்கமுகமும் வந்து போகும், கடைசியில் மாமரம். அது பிளந்து மயிலும் சேவலும் ஆகிறது. தேவரைச் சிறைவைத்த தந்தை முருகனின் ஊர்தியும் கொடியுமாக, விடச் சொன்ன மகன் களத்திலேயே கிடக்கிறான்.