ஈயக் குண்டுக்கு ஏற்ற ரைபிள் எது?



நம்மில் பலர் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டது என்.சி.சி. முகாமில்தான். நானும் அப்படித்தான். குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, பாயிண்ட் 22 ரைபிளால் ஐந்து ரவுண்டு சுட்டேன். என் அட்டையில் விழுந்தது இரண்டு. மீதி மூன்று பக்கத்து அட்டைக்காரனுக்குப் போய்ச் சேர்ந்த புண்ணியம்!

சுடுவதற்கு முன் தோட்டாவைக் கையில் வாங்கியபோது ஒன்றைக் கவனித்தேன். நுனியில் இருந்த குண்டு சாம்பல் நிறம். நகத்தால் கீறினால் கோடு விழும் போல இருந்தது. பச்சை ஈயம். ராணுவத் தோட்டாவில் இருப்பது போலச் செம்பு உறை இல்லை. இவ்வளவு மெத்தென்ற உலோகம் எப்படி நேராகப் போய்த் துளை போடுகிறது? எல்லா ரைபிளிலும் ஈயக் குண்டைச் சுடலாமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் போனால், நாம் படிக்கிற பாடங்களிலேயே பாதி விடை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். 1799 மார்ச் மாதம் ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் போன ஆங்கிலேயப் படை, ராயக்கோட்டை வழியாக வந்து நம்ம கெலமங்கலத்தில் முகாம் போட்டது. அந்தச் சிப்பாய்களின் கையில் இருந்தது 'பிரவுன் பெஸ்' என்ற மஸ்கட். குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர். அதில் போட்ட ஈய உருண்டையோ சுமார் 17.5 மில்லிமீட்டர்தான். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி! டிராயிங் வகுப்பில் படித்த 'கிளியரன்ஸ் ஃபிட்' ஞாபகம் வருகிறதா? முன்வாய் வழியாகச் சீக்கிரம் திணிக்க வேண்டும், கரி படிந்தாலும் உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். பலன், குண்டு குழலுக்குள் இடித்து இடித்துப் போகும். வெளியே வந்ததும் கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கேற்பத் திசை மாறும். நூறு கஜத்துக்கு அப்பால் தனி ஆளைக் குறி பார்ப்பது வீண் வேலை. அதனால்தான் வரிசையாக நின்று எல்லாரும் ஒன்றாகச் சுட்டார்கள்.

ரைபிள் என்பது இதற்கு நேர் எதிர். குழலுக்குள் திருகு மரை போலச் சில வரிகள் ஓடும். குண்டு அந்த வரிகளின் அடிவிட்டத்தை விட ஒரு நூலிழை பெரிதாக, சுமார் ஆயிரத்தில் ஒரு அங்குலமாவது கூடுதலாக, இருக்க வேண்டும். இது 'இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட்'. ஈயம் மெத்தென்று இருப்பதால் வரிகளுக்குள் பிதுங்கிப் புகுந்து, மரையில் நட்டு சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டே வெளியே வரும். சுற்றுகிற பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுற்றுகிற குண்டும் தலை சாயாமல் பறக்கும். ஆக, ஈயத்தின் மென்மை குறை இல்லை. அதுதான் அதன் குணம். அந்தக் குணத்துக்கு ஏற்ற ரைபிளைத் தேர்ந்தெடுப்பதுதான் விஷயம்.

அதற்கு மூன்று சோதனை வைக்கலாம்.

முதலாவது, அளவு. மேலே சொன்ன ஃபிட். குண்டு சிறுத்துப் போனால் வெடிவாயு பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை உருக்கிக் குழலில் பூசிவிடும். அப்புறம் எந்தக் குறியும் ஒட்டாது.

இரண்டாவது, சுற்று. எத்தனை நீளத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பதற்கு 1879-ல் கிரீன்ஹில் என்ற கணிதப் பேராசிரியர் எளிய சூத்திரம் ஒன்று தந்தார். குண்டின் விட்டத்தை வர்க்கப்படுத்தி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். பாயிண்ட் 22 குண்டின் விட்டம் சுமார் 5.7 மி.மீ., நீளம் சுமார் 12 மி.மீ. கால்குலேட்டரைத் தட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 406 மி.மீ., அதாவது 16 அங்குலம் வரும். உலகம் முழுக்க பாயிண்ட் 22 ரைபிள்களில் வழக்கமாக இருப்பது அதே 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான்! வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் வெளியே வரும் அந்தக் குண்டு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்று போட்டுப் பார்த்தேன். சுமார் 49,000 ஆர்.பி.எம். நம்ம ஒர்க்ஷாப் லேத் கிட்டேயே வர முடியாது.

மூன்றாவது, வேகம். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகும். வேகமும் அழுத்தமும் கூடக் கூட, மெல்லிய ஈயம் வரிகளைப் பிடிக்க முடியாமல் வழுக்கும். அதனால் வார்க்கிற ஈயத்தில் தகரமும் ஆன்டிமனியும் கலந்து கெட்டிப்படுத்துவார்கள். பழைய அச்சகங்களில் லைனோடைப் எழுத்து வார்த்த உலோகமும் இதே மூன்றும் சேர்ந்த கலவைதான். அதில் ஆன்டிமனி மட்டும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வரை. குண்டின் மேல் வரி வெட்டி மசகு பூசுவதும், காகிதம் சுற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இந்த மூன்று சோதனையிலும் தேறுகிற ரைபிள்கள் எவை? என் பட்டியல் இதோ.

முதலிடம், சந்தேகமில்லாமல், நம்ம என்.சி.சி. பாயிண்ட் 22. வேகம் ஒலியின் வேகத்தை ஒட்டியே இருப்பதால் செம்பு உறை தேவையே இல்லை. (ஆனால் இந்தக் குண்டு பெரும்பாலும் அச்சில் ஊற்றி வார்த்தது அல்ல, ஈயக் கம்பியை வெட்டி டையில் அழுத்திச் செய்வது.) 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கினாரே, அந்தப் போட்டிக்கும் இதே பாயிண்ட் 22 தோட்டாதான்.

இரண்டாவது, 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மார்ட்டினி ஹென்றி. கீழே உள்ள லீவரை இழுத்தால் பின்வாய் திறக்கும். பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு தகரம் சேர்த்து, காகிதம் சுற்றிய 31 கிராம் குண்டு. வினாடிக்கு சுமார் 400 மீட்டர். ஈயத்துக்காகவே பிறந்த ரைபிள் என்றால் இதுதான்.

மூன்றாவது, 1853 மாடல் என்ஃபீல்ட். முன்வாய் வழியாக லூசாக இறங்கும் குண்டு, சுட்டதும் அதன் குழிந்த அடிப்பாகம் விரிந்து வரிகளைப் பிடித்துக்கொள்ளும். நுழையும்போது கிளியரன்ஸ் ஃபிட், கிளம்பும்போது இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட். என்ன மூளை! இதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு பற்றிய பேச்சுதான் 1857 புரட்சிக்கு ஒரு பொறியானது என்பது நாம் பள்ளியில் படித்தது.

தேறாதது எது? நமக்கெல்லாம் பேர் தெரிந்த பாயிண்ட் 303. புகையில்லா மருந்தின் வேகம், வினாடிக்கு 740 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் வெறும் ஈயம் தாங்காது. அதற்காகத்தான் உறை போட்ட குண்டு வந்தது. மருந்தைக் குறைத்து, கெட்டி ஈயம் போட்டுச் சுடுகிற வெளிநாட்டுப் பிரியர்கள் உண்டு. நம் நாட்டில் அது தனியார் கையில் இருக்கக் கூடாத அளவு.

இவ்வளவையும் எழுதியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விடுமுறையில் ஒரு சின்ன பட்டறையில் வேலை பார்த்தேன். ஒருநாள் காட்டோரக் கிராமத்துக்காரர் ஒருவர் கையில் ஒரு இரும்புக் குழாயோடு வந்தார். "தம்பி, இதை உள்ளே கொஞ்சம் கடைஞ்சு குடுப்பா. ராகிக் காட்டுல பன்னி தொல்லை தாங்கல" என்றார். அவர் கண்ணில் களவு இல்லை. ஒரு வருஷத்து உழைப்பு ஒரே ராத்திரியில் போன வலிதான் இருந்தது. எனக்கும் கை பரபரத்தது. நம்மால முடியுமே என்ற பெருமை. முதலாளி வந்து, "அண்ணா, இந்த வேலை மட்டும் இங்க வேண்டாம். ஃபாரஸ்ட் ஆபீஸ்ல நஷ்ட ஈட்டுக்கு மனு எழுதித் தரச் சொல்றேன், வாங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த மனுவை எழுதியவன் நான்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். சாதுவான பாயிண்ட் 22-க்கே அறையின் உள்ளழுத்தம் சுமார் 165 மெகாபாஸ்கல் வரை போகலாம். லாரி டயர் காற்றைப் போல ஏறத்தாழ 200 மடங்கு! ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் 'ஹூப் ஸ்ட்ரெஸ்' படித்தோமே, அது பரீட்சைக்கு மட்டும் இல்லை. எந்த ஸ்டீல், என்ன ஹீட் ட்ரீட்மென்ட் என்று தெரியாத, ப்ரூஃப் டெஸ்ட் பார்க்காத ஒரு குழாய் கிழிந்தால், அது முதலில் கிழிப்பது சுடுகிறவரின் முகத்தையும் கையையும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தால், 1959 ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தப்படி குறைந்தது ஏழு வருஷம், ஆயுள் வரைகூட ஜெயில். குழாய் கொண்டு வந்தவரை விட, லேத்தில் நின்றவனுக்குத்தான் அந்த ஏழு வருஷம் முதலில் வரும். நம்ம டிப்ளமோ சர்டிபிகேட் அங்கே செல்லாது நண்பர்களே.

இன்னொன்று. ஈயம் நஞ்சு. பழைய பேட்டரித் தட்டையோ, சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்க்க ஒட்டும் எடையையோ வீட்டு அடுப்பில் உருக்கி விளையாடுவது வேண்டாம். அதன் தூசியும் ஆவியும் முதலில் தாக்குவது வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகளின் மூளையை. ஃபயரிங் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

ரைபிள் மேல் ஆசை இருந்தால் நேர் வழி இருக்கிறது. என்.சி.சி.யில் சேருங்கள். பதிவு பெற்ற ரைபிள் கிளப்பில் ஏர் ரைபிளில் ஆரம்பியுங்கள்; அதிலும் போவது 4.5 மி.மீ. ஈய பெல்லட்தான். அதே ஏர் ரைபிளில்தான் 2008-ல் அபினவ் பிந்த்ரா ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அதில்தான்.

நல்ல ரைபிளைத் தேர்ந்தெடுக்கிற கண்ணும், கெட்ட வேலையை வேண்டாம் என்று சொல்கிற வாயும் ஒரே ஆளுக்கு இருந்தால், அவன்தான் சரியான டெக்னீஷியன். அடுத்த முகாமில் என் ஐந்து ரவுண்டும் என் அட்டையிலேயே விழ வாழ்த்துங்கள்!