நிரலுக்குத் துணை நிற்கும் எழுத்து

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி கடல் பொங்கி, மட்டக்களப்பு வாவிக்கும் சமுத்திரத்துக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி, கல்லடி முதலிய கரையோரக் கிராமங்களைச் சூறையாடிச் சென்றபின், காணாமற்போனோர் யாவர், எந்த முகாமில் எத்தனைபேர், அவர்களுக்கு வேண்டுவன எவை என்னும் விபரங்களை ஒழுங்குபடுத்தும் பொருட்டு இலங்கைக் கணினித் தொண்டர்கள் விரைந்து இயற்றிய மென்பொருளே ‘சஹானா’. அதன் மூல நிரலை எவரும் வாசிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிக்கப்பட்டிருந்தமையால், 2005 இல் பாகிஸ்தானிலும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், யோக்யகார்த்தா பூகம்பத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலப் பரிசு 2006 ஆம் ஆண்டுக்கு அதற்கே வழங்கப்பட்டது.

நிரலை இயற்றியவரை ஒருநாளும் கண்டிராத ஒருவர், அந்நிய தேசத்தில், ஆபத்து வேளையில், இத்தகைய மென்பொருளை நிறுவி இயக்க வேண்டுமாயின், அவர் கையிலிருக்கும் ஒரே வழிகாட்டி அதனோடு வரும் விளக்க ஆவணம். ஆயினும் நிரல் எழுதுவோருக்குத் தாம் அறிந்தது யாவரும் அறிந்ததாகத் தோன்றுவது சுபாவம். ஆதலால் அவ்வாவணத்தைச் செம்மை செய்யும் தகுதி, அதைப் படித்துப் படிப்படியாகச் செய்துபார்த்து எங்கே வழி மறைகிறது என்று உணரும் புதியவருக்கே மிகுதியாக உண்டென்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இவ்வாவணங்களிற் பெரும்பாலானவை எழுதப்படும் முறை மார்க்டவுன் எனப்படும். ஆழிப்பேரலை வந்த அதே 2004 இல், ஆரன் சுவார்ட்ஸின் உதவியோடு ஜான் குரூபர் என்னும் அமெரிக்கர் அதனை வெளியிட்டார். வரியின் முதலில் # இட்டு ஓர் இடம் விட்டு எழுதினால் தலைப்பு. இரண்டிரண்டு உடுக்குறிகளுக்குள் வைத்தால் தடித்த எழுத்து. அவ்வளவே அதன் பால பாடம். உருமாற்றாத நிலையிலும் கண்ணுக்கு இதமாக வாசிக்கத் தக்கதாய் இருப்பதே அதன் சிறப்பு. இணைய நிரலாளர் நாடோறும் நாடும் எம்.டி.என். ஆவணங்களும் பிற்காலத்தில் இம்முறைக்கே மாற்றப்பட்டன.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நம் பாஷையில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி வருவது. மார்க்டவுனின் பொது இலக்கணமாக 2014 இல் தோன்றிய காமன்மார்க்கோ, சொல்லின் நடுவே வரும் அடிக்கோட்டை அழுத்தக் குறியாக ஏற்பதில்லை. எனவே _சேமி_யை என்றெழுதினால் சாய்ந்த எழுத்துத் தோன்றாமல் கோடுகளே எஞ்சும். உடுக்களுக்குள் **‘சேமி’**யை என மேற்கோட் குறியோடு எழுதினாலும், முடிவிலுள்ள உடுக்கள் தம் தொழிலைச் செய்யா; உருபையும் உள்ளடக்கி **‘சேமி’யை** என்றெழுதுவதே வழி. தமிழ் ஆவணத்தைக் கையால் எழுதிப்பார்த்தவரன்றிப் பிறர் இதைக் கண்டுபிடித்துச் சொல்லப்போவதில்லை.

திருத்தம் அனுப்பும் கிரமம் எளிது. கிட்ஹப் போன்ற தளத்தில் ஆவணத்தின் பிரதியொன்றைத் தம் கணக்கில் எடுத்து, மாற்றத்தைச் செய்து, அதன் காரணத்தை இரண்டொரு வாக்கியங்களில் எழுதி, மூலத்தோடு சேர்க்குமாறு ‘புல் ரிக்குவெஸ்ட்’ விடுத்தால், பராமரிப்பாளர் வரிவரியாகப் பார்த்து ஏற்பார், அல்லது மறுபடி திருத்தச் சொல்வார். இந்த உரையாடலில் அவசரம் கூடாது. ஒரு விண்ணப்பத்தில் ஒரு விஷயம் மாத்திரம் இருப்பது நன்று.

மட்டக்களப்பாருக்கு இப்பணி அந்நியமானதன்று. காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்று, கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள், 1936 இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார்; அதன் பயனாகிய ‘கலைச்சொற்கள்’ 1938 இல் வெளிவந்தது. பல துறையினரும் கூடி இணங்கி ஒரு பொதுச் சொல்லைத் தெரிந்த அந்தப் பொறுமை இன்றைய ஆவணங்களுக்கும் அத்தியாவசியம். ஒரே பொருளை ஓரிடத்தில் ‘கோப்பு’ என்றும் மற்றோரிடத்தில் ‘பைல்’ என்றும் குறித்தால் வாசகர் இரண்டென்று மயங்குவர். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ ஒரு பாடசாலை மாணவர் குழு மொழிபெயர்ப்பைத் தொடங்குமானால், முதற் பங்களிப்பாகத் தாம் ஏற்றுக்கொண்ட சொற்களை மாத்திரம் ஒரு சிறு மார்க்டவுன் கோப்பில் நிரல்படுத்தி அனுப்பட்டும். பின்வரும் மொழிபெயர்ப்பாளர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.