வேண்டாத புரதத்துக்கு ஒரு முத்திரை

நமது உடலின் கலங்கள் ஓயாமல் புரதங்களை ஆக்கிக்கொண்டிருக்கின்றன. இரைபோசோம்கள் அவற்றை எவ்வாறு தொகுக்கின்றன என்பதை உயர்தர உயிரியல் வகுப்பில் விரிவாகக் கற்கின்றோம். ஆனால், ஆக்கப்பட்ட புரதங்களுக்குப் பின்னர் என்ன நடக்கின்றது? சில பழுதடைகின்றன. சில பிழையாக மடிகின்றன. சில தமது வேலையை முடித்துவிடுகின்றன. இவற்றைக் கலம் எவ்வாறு இனங்கண்டு அகற்றுகின்றது என்பதையும், அது பெண்களாகிய நமது நலத்தோடு எவ்வாறு தொடர்புபடுகின்றது என்பதையும் பார்ப்போம்.

உடலிலுள்ள புரதங்கள் ஒருமுறை ஆக்கப்பட்டால் பெரும்பாலும் அப்படியே நிலைத்திருக்கும் என்றுதான் முன்னர் பலர் எண்ணினர். 1930களின் இறுதியில் அமெரிக்காவில் பணியாற்றிய ருடொல்ஃப் ஷோன்ஹைமர், நைதரசனின் பாரமான சமதானியால் அடையாளமிட்ட அமினோ அமிலத்தை எலிகளுக்கு உணவோடு கொடுத்தார். அந்த நைதரசனில் பாதிக்கு மேல் எலிகளின் இழையப் புரதங்களில் போய்ச் சேர்ந்திருந்தது. பழைய புரதங்கள் உடைய, புதியவை அவற்றின் இடத்தை நிரப்புகின்றன என்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்து ஒரு புதிர் எழுந்தது. நாம் உண்ணும் மீனிலும் பருப்பிலும் உள்ள புரதத்தைச் சிறுகுடலில் திரிப்சின் போன்ற நொதியங்கள் உடைக்கின்றன. அந்தத் தாக்கத்துக்கு ஏ.ரி.பி. தேவையில்லை. ஆனால், கலத்தினுள்ளே புரதங்கள் உடைவதற்குச் சக்தி தேவை என்று 1953இல் கண்டறியப்பட்டது. ஒரு வீட்டைக் கட்டுவதற்குச் செலவாகும் என்பது விளங்குகின்றது. தானாகவே விழக்கூடிய சுவரை இடிப்பதற்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?

இதற்கான விடையை ஆரோன் சீச்சனோவர், அவ்ராம் ஹேர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவரும் 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் கண்டுபிடித்தனர். 2004ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. சக்தியில் பெரும்பங்கு தேவைப்படுவது, எதை உடைப்பது என்று தெரிவுசெய்து, அதைப் பிரித்து, உடைக்கும் இடத்தினுள் செலுத்துவதற்கே என்பது அவர்களது ஆய்வின் வழியே விளங்கியது.

அந்தத் தெரிவு எவ்வாறு நடக்கின்றது? யுபிகுயிட்டின் என்பது 76 அமினோ அமிலங்களாலான ஒரு சிறிய புரதம். இதுவே முத்திரை. மூன்று வகை நொதியங்கள் கைமாற்றிக் கைமாற்றி இதை வேண்டாத புரதத்தின்மேல் பொருத்துகின்றன. முதலாவது, ஏ.ரி.பி.யைச் செலவிட்டு முத்திரையைத் தயார்ப்படுத்துகின்றது. இரண்டாவது அதைச் சுமந்து செல்கின்றது. எந்தப் புரதத்தில் பொருத்துவது என்று இனங்காண்பது மூன்றாவது வகை. மனிதரில் இந்த மூன்றாவது வகையில் மட்டும் நூற்றுக்கணக்கான நொதியங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்குரிய சில புரதங்களையே இனங்காணும்.

முத்திரைகள் சங்கிலிபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்ததும், அந்தப் புரதம் புரோட்டியசோம் என்னும் பீப்பா வடிவ அமைப்புக்குச் செல்கின்றது. ஒரு மனிதக் கலத்தில் இவை ஏறத்தாழ 30,000 இருக்கும். உடைக்கும் பகுதிகள் பீப்பாவின் உட்புறத்தில் இருப்பதால், வெளியே உள்ள நல்ல புரதங்களுக்குத் தீங்கு நேராது. வாயிலில் முத்திரை கழற்றப்பட்டு மீண்டும் பயன்படுகின்றது. புரதம் சிறு துண்டுகளாகி, பின்னர் அமினோ அமிலங்களாகி, புதிய புரதங்களை ஆக்க உதவுகின்றது. முழுப் புன்னங்கங்கள் போன்ற பெரிய பொருட்களை உடைக்கும் வேலையை இலைசோசோம்கள் செய்கின்றன.

இத்தனை கவனம் ஏன் என்பது, தெரிவு பிழைக்கும்போதுதான் புரியும். நமது கலங்களில் பி53 என்னும் காவற் புரதம் உண்டு. டி.என்.ஏ. சேதமடைந்தால் இது கலப்பிரிவை நிறுத்தும். சீராக்க முடியாவிட்டால் அந்தக் கலத்தையே இறக்கச் செய்யும். மனித பாப்பிலோமா வைரசின் 16ஆம், 18ஆம் வகைகள் ஈ6 என்னும் புரதத்தை ஆக்குகின்றன. அது நமது கலத்தின் முத்திரையிடும் நொதியம் ஒன்றோடு சேர்ந்து, நலமான பி53 மீதே முத்திரையிடச் செய்கின்றது. புரோட்டியசோமுக்கு உண்மை தெரியாது. முத்திரை இருந்தால் உடைத்துவிடும். காவலில்லாத கலம் சேதத்தோடு பிரிந்துகொண்டே போகின்றது. பெரும்பாலான தொற்றுகளை உடலே நீக்கிவிடும். ஆனால், நீங்காது நிலைத்துவிட்டால் பல ஆண்டுகளின் பின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் தோன்றலாம். உலகில் இந்நோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம் இந்த இரு வகைகளே.

இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவியருக்குப் பாடசாலையில் போடப்படும் தடுப்பூசி இந்த வைரசுக்கு எதிரானதே. "இந்தச் சின்ன வயதில் இது எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான். விடை மேலே சொன்ன கதையிலேயே இருக்கின்றது. வைரசு கலத்தினுள் புகுந்து தனது வேலையைத் தொடங்கிய பின் தடுப்பூசியால் அதை வெளியேற்ற முடியாது. புகுவதற்கு முன்னரே உடல் ஆயத்தமாக இருக்க வேண்டும். இத்தடுப்பூசியில் உயிருள்ள வைரசு இல்லை. வைரசின் வெளியுறைப் புரதம் மட்டுமே உண்டு. ஆகவே அதனால் இந்நோய்த் தொற்று ஏற்படாது.

எனவே தங்கைமாரின் சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும்போது, தரம் 12, 13இல் உயிரியல் கற்கும் நாம் அதைப் பெற்றோருடன் இருந்து வாசித்து விளக்கலாம். தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை என்பதால், 35 வயதை அடைந்த நம் உம்மாமாரிடம் வெல் வுமன் கிளினிக்கில் செய்யப்படும் பாப் பரிசோதனையைப் பற்றியும் எடுத்துச் சொல்லலாம். ஒரு புரதத்தை உடைக்கும் முன் நமது கலம் இத்தனை முறை சரிபார்க்கின்றது. அந்தக் கலத்தைக் காக்கும் ஒரு படிவத்தை ஒருமுறை நிதானமாக வாசிப்பது நமக்குப் பெரிய வேலையல்ல.