சுழி, சேணம், கேட்டு

வெள்ளானூர், ஆவடிப் பக்கம் குதிரை வளர்க்கும் நேயர்களுக்கு ஒரு தகவல். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். ராசி இருக்கட்டும், குதிரை திருடு போனால் அடையாளம் காட்டச் சுழி ரொம்ப உதவும். பந்தயக் குதிரையின் பாஸ்போர்ட்டிலேயே சுழி எங்கெங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கிறார்கள். ஆகவே நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, கால் வெள்ளை எல்லாம் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். கால்நடை மருத்துவரிடம் சொல்லி இடப்பக்கக் கழுத்தில் மைக்ரோசிப்பும் போடலாம். அரிசி மணி அளவுதான், 15 இலக்க எண் இருக்கும். ஆனால் அது ஜிபிஎஸ் இல்லை. கைக்கு வந்த குதிரை யாருடையது என்று சொல்லும், எங்கே போனது என்று சொல்லாது.

சேணத்தின் அடிப்பக்கத் தோலில் உங்கள் செல்போன் எண்ணைப் பொறித்துவிடுங்கள். கடிவாளத்தை ராத்திரி லாயத்திலேயே தொங்கவிட வேண்டாம்; திருட வருகிறவனுக்கு அதுவே வசதி. கேட்டுக்குப் பெரிய பூட்டுப் போட்டிருப்பீர்கள். கீல் பக்கம் தூக்கினால் கேட்டே கழன்று வந்துவிடுமா பாருங்கள். வருமென்றால், வெல்டரைக் கூப்பிட்டு மேல் கீலைத் தலைகீழாக மாட்டச் சொல்லுங்கள். குதிரை காணோமென்றால் உடனே 112-க்கு அழையுங்கள்.