இருபத்தஞ்சு வயசுல புது விளையாட்டா? தாராளமாக!

காலேஜ் முடிந்தாயிற்று. வேலையும் கிடைத்தாயிற்று. காலையிலிருந்து ராத்திரி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் டி.வி.யில் மாட்ச். திடீரென்று ஒருநாள் மனசுக்குள் ஓர் ஆசை... 'நாமும் ஒரு விளையாட்டை முறையாகக் கற்றுக்கொண்டு, நாலு போட்டியில் இறங்கினால் என்ன?'

வீட்டில் வாயைத் திறந்ததுமே, "கல்யாணம் பண்ற வயசுல கையைக் காலை ஒடிச்சுக்கப் போறியா?" என்பார் அம்மா. "இதெல்லாம் அஞ்சு வயசுல ஆரம்பிச்சிருக்கணும்டா" என்பார் அப்பா.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பார்ப்போமா?

வயசு தாண்டிப் போச்சா?

ஜிம்னாஸ்டிக்ஸ், டென்னிஸ் போன்றவற்றில் அப்பா சொல்வது சரி. உடம்பின் வளைவும் கையின் நுணுக்கமும் சின்ன வயதிலேயே படிய வேண்டும். ஆனால் இதயத்தின் வலிமை, நுரையீரலின் திறன், தொடை பலம் இவற்றை நம்பியிருக்கும் விளையாட்டுகள் வேறு ரகம். துடுப்புப் படகு, சைக்கிள், நெடுந்தூர ஓட்டம், பவர்லிஃப்டிங் எல்லாம் இதில் சேரும். இருபதுகளில் ஆரம்பித்தாலும் நன்றாக முன்னேறலாம்.

இங்கிலாந்தின் ஹெலன் குளோவரைப் பாருங்கள். 2008-ல் துடுப்புப் படகில் அவர் முதன்முதலாக உட்கார்ந்தபோது வயது 21-ஐத் தாண்டியிருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். 2016-ல் மறுபடியும் தங்கம்! நம் நாட்டு தத்து போகனல் மகாராஷ்டிரத்துக் கிராமத்து இளைஞர். 2012-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பையே பிடித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13-ம் இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகுப் போட்டியில் தங்கம்.

'அப்படியானால் நானும் ஒலிம்பிக்கா?' என்று கனவில் மிதக்க வேண்டாம். குளோவர் பள்ளி நாட்களிலிருந்தே ஓட்டம், ஹாக்கி என்று இருந்தவர். போகனலுக்கு ராணுவப் பயிற்சி இருந்தது. பழைய உழைப்பு புது விளையாட்டில் கைகொடுத்தது. உங்கள் இலக்கு மாவட்டப் போட்டியாக இருக்கட்டுமே! தமிழகத்தில் முதலமைச்சர் கோப்பைக்கு 15 முதல் 35 வயது வரை பொதுப்பிரிவு நடத்தியிருக்கிறார்கள். 'மாஸ்டர்ஸ்' என்ற மூத்தோர் பிரிவும் உண்டு. சர்வதேச அளவில் நீச்சலில் அது 25 வயதிலேயே தொடங்கிவிடுகிறது. துடுப்புப் படகில் 27, தடகளத்தில் 35. ஆக, உங்களுக்கான போட்டிகள் இனிமேல்தான் வரப்போகின்றன!

எதைத் தேர்ந்தெடுப்பது?

டி.வி.யில் பார்த்துப் பிடித்தது என்பது மட்டும் காரணமாக இருந்தால் போதாது. ஒரு காகிதத்தை எடுத்து நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

முதலாவது, உடல்வாகு. நெட்டையான உடம்பும் நீண்ட கைகளும் இருந்தால் துடுப்புப் படகு, வாலிபால். ஒல்லியாக, எடை குறைவாக இருந்தால் நெடுந்தூர ஓட்டம். குட்டையாக, கட்டுமஸ்தாக இருப்பவரா? பவர்லிஃப்டிங்கில் எடை வாரியாகப் பிரிவுகள் இருப்பதால் உங்களைவிடக் கனமானவருடன் மோத வேண்டியதில்லை. படபடப்பில்லாத நிதானமும் அசையாத கையும் இருந்தால் துப்பாக்கி சுடுதல், வில்வித்தை. ஏற்கெனவே முழங்காலில் கோளாறு இருந்தால், குதித்துத் திரும்பும் ஆட்டங்களை விட்டுவிட்டு நீச்சல் பக்கம் போகலாம்.

இரண்டாவது, தூரம். பயிற்சி இடம் வீட்டிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ அரைமணி நேரத்துக்குள் இருக்கிறதா? சென்னையில் 1867-லேயே மெட்ராஸ் போட் கிளப் வந்துவிட்டது. ஆனால் தர்மபுரியில் இருப்பவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? அவருக்கு மாவட்ட விளையாட்டரங்கின் ஓட்டப்பாதைதான் நல்லது. ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் கடந்து போக வேண்டிய விளையாட்டு, மழைக்காலம் வந்ததும் நின்றுபோகும்.

மூன்றாவது, செலவு. ஓடுவதற்கு நல்ல ஷூ போதும். போட்டிக்கான ஏர் ரைஃபிள் லட்சங்களில் போகும். பாட்மின்டனில் மட்டை விலையைவிட, தொடர்ந்து வாங்கும் இறகுப் பந்துதான் பர்ஸைக் காலி செய்யும்.

நாலாவது, உங்கள் சுபாவம். தனியாகப் பயிற்சி செய்யச் சலிப்பில்லையா, கூட்டம் இருந்தால்தான் உற்சாகமா? இதற்கு மனசாட்சிப்படி பதில் சொல்லுங்கள்.

இரண்டு விளையாட்டு மிஞ்சினால், இரண்டையும் தலா ஒரு மாதம் முயன்று பாருங்கள். விலை உயர்ந்த சாமான்களை அதற்குள் வாங்கிவிடாதீர்கள்!

டாக்டரிடம் ஒரு நடை

அம்மாவின் பயத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டிய இடம் இது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இதயக் கோளாறால் இறந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். விளையாடும்போது நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ அன்றே நிறுத்த வேண்டும். 'வெயில்தான் காரணம்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பெண்களுக்கு இன்னொரு விஷயம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால், மூச்சு வாங்குவதற்குப் பயிற்சியைக் குறை சொல்லி என்ன லாபம்? கடும் பயிற்சியில் மாதவிலக்கு நின்றுபோனால், 'நல்லதாப் போச்சு' என்று விட்டுவிடாதீர்கள். உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். எலும்பும் பலவீனமாகும்.

மூன்றாவது மாத ஆபத்து

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில் அடிபடுவதில்லை. உடம்பு நன்றாக ஒத்துழைக்கிறதே என்று தெம்பு வந்த பிறகுதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஏன்?

தசை சில வாரங்களிலேயே பலம் பெற்றுவிடும். தசையை எலும்போடு இணைக்கும் நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது பலப்பட மாதக்கணக்கில் ஆகும். இரண்டு, மூன்று மாதத்தில் தசை 'இன்னும் ஓடு, இன்னும் தூக்கு' என்கிறது. நாணோ இன்னும் தயாராகவில்லை. குதிகாலுக்கு மேலே வலி, முழங்கால் சில்லுக்குக் கீழே வலி, தோளில் வலி என்று ஆரம்பிக்கும். 'ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டு விளையாடிடலாம்' என்று நினைத்தால் வந்தது வினை! ஆறு மாதம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஆகவே முதல் மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள் போதும். முடியும் என்று தோன்றினாலும் தூரத்தையும் எடையையும் மெள்ள மெள்ளத்தான் கூட்ட வேண்டும். மறுநாள் காலையிலும் வலி இருந்தால் அன்றைக்கு அளவைக் குறையுங்கள். வெயிலில் பயிற்சி என்றால் உடம்பு பழக 10 முதல் 14 நாள் தேவை. ராத்திரித் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். தேய்மானம் சரியாவது அப்போதுதான்.

சாப்பாட்டில் சாதத்தோடு பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று எது வழக்கமோ அதைக் கூட்டிக்கொண்டால் போதும். ஜிம்மில் யாரோ தரும் பவுடர் டப்பாவில் ஜாக்கிரதை! தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருந்து பரிசோதனையில் பிடிபட்டால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிவிட முடியாது. உடம்பில் இருந்தாலே குற்றம்தான்.

முதல் போட்டியை ஆறு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிடப் பத்து வயது சின்னப் பையன் ஜெயித்துவிட்டுப் போவான். போகட்டும்! அன்றைய உங்கள் நேரத்தையோ, எடையையோ, புள்ளியையோ குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் நீங்கள் ஜெயிக்க வேண்டிய முதல் எதிராளி அந்த எண்தான்.

ஒன்று மறக்க வேண்டாம்... முதல் போட்டிக்கு அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கை தட்டப் போவது அவர்கள்தானே!