குட்டி யானைக்கு விலை பேசுமுன்...

சாப்பிட உட்கார்ந்த உங்கள் வீட்டுக்காரர், சாம்பார் எப்படி இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல், "வாடகை வண்டிக்கே மாதம் எவ்வளவு போகிறது தெரியுமா? சொந்தமாக ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?" என்று ஆரம்பித்தால், அம்மணி, நீங்கள் உஷாராகிவிட வேண்டும். இன்றோ நாளையோ உங்கள் வளையல்களைப் பற்றிய பேச்சு வரப்போகிறது என்று அர்த்தம்!

வரட்டும், தப்பில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர்கள், மொத்த மார்க்கெட்டில் காய்கறி எடுத்து விற்கிறவர்கள், பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர்கள், வீட்டிலேயே மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள் என்று எத்தனையோ குடும்பங்கள் ஒரு சின்ன லோடு வண்டியை நம்பி நிமிர்ந்திருக்கின்றன. 2005-ம் ஆண்டு டாடா கம்பெனி 'ஏஸ்' என்ற வண்டியை இறக்கியபோது, நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று நாமகரணம் செய்துவிட்டார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' வந்தது. மகிந்திராவின் பொலிரோ பிக்-அப் இருக்கிறது. தெருவில் சிறிய லோடு வண்டி எது போனாலும் குட்டி யானை என்றே சொல்கிறவர்களும் உண்டு. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

யானை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிப்பானா என்பார்கள். மோட்டார் ஷோரூம்களில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கு இது மனப்பாடம். வாயால் சொல்லமாட்டார்கள், காரியத்தில் காட்டுவார்கள். ஆறு லட்ச ரூபாய் வண்டிக்கு இரண்டு மணி நேரம் வாதாடி ஐயாயிரம் குறைத்த மனிதர், அந்த வெற்றிக் களிப்பில், கடன், இன்ஷூரன்ஸ், தார்ப்பாய், சீட் உறை என்று நீட்டின காகிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். யானையில் மிச்சம் பிடித்தது ஐயாயிரம். அங்குசத்தில் விட்டது எண்பதாயிரம்! ஆகையால் யானையை அவர் பார்த்துக்கொள்ளட்டும். அங்குசக் கணக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை. எத்தனை பெரிய வண்டி தேவை என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுப் போவது நல்லது. முதன்முதலில் வந்த ஏஸ் முக்கால் டன் சுமந்தது. தோஸ்த் ஒன்றேகால் டன். தண்ணீர் கேன் வியாபாரம் என்றே வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் கேன் ஒன்று நிரம்பினால் சுமார் 21 கிலோ. முக்கால் டன்னுக்கு 35 கேன். ஒன்றேகால் டன்னுக்கு 59. தினம் எத்தனை கேன் போகிறது என்று உங்கள் பாக்கி நோட்டே சொல்லுமே! சிறிய வண்டியை வாங்கிவிட்டு மேலே மேலே அடுக்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. சுமையோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குத் தனியாகப் பர்மிட் வேண்டியதில்லை என்பதும் ஒரு சௌகரியம். கார் ஓட்டும் லைசென்ஸே இவற்றுக்குப் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

இப்போது விலைக்கு வருவோம். ஷோரூமில் சொல்லும் விலை ஒன்று. சாலையில் இறங்கும்போது ஆகும் விலை வேறு. நடுவில் சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், இன்னும் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியின் மேல் விரலை வைத்து, "இது எதற்கு, ரசீது உண்டா?" என்று கேளுங்கள். அநேகமாக அங்கேயே கொஞ்சம் கரையும்.

சுமை வண்டிகளுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆனது. வரிக்கு முந்தைய விலை ஐந்து லட்சம் என்றால் ஐம்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். இதனால் புது வண்டி வாங்குகிறவருக்கு லாபம் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய வண்டி வாங்குகிறவருக்கும் இதில் லாபம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் வியாபாரத்துக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், கட்டிய வரியை வரவு வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் வண்டி வாங்குவதற்கு முன்பே கேட்டு விடுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மார்கழியில் மோட்டார் வண்டி மலியும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உண்மை! டிசம்பர் முடிந்துவிட்டால், ஷோரூமில் நிற்கும் வண்டி ஒரே இரவில் 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடுகிறது. தள்ளிவிட அவர்களும் துடிப்பார்கள். ஐந்தாறு வருஷம் வைத்து ஓட்டப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். சீக்கிரம் விற்கிற உத்தேசம் இருந்தால், விற்கும்போது உங்களுக்கும் அதே குறைப்பைத்தான் செய்வார்கள். வண்டி எப்போது தயாரானது என்பதை வாய்வார்த்தையாக நம்ப வேண்டாம். காகிதத்தில் மாதமும் வருஷமும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருப்பார்கள். 3225 என்றால் 2025-ம் ஆண்டின் முப்பத்திரண்டாவது வாரத்தில் செய்த டயர். புது வண்டியில் இரண்டு வருஷத்து டயர் இருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்ஷூரன்ஸை ஷோரூமிலேதான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூன்றாம் நபருக்கான பிரீமியத்தை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. அதில் பேரம் கிடையாது. நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளியில் இரண்டு இடத்தில் விசாரித்து அந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள். "நாங்களே அந்த விலைக்குத் தருகிறோம், மேடம்" என்பார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். காப்பியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"வெறும் எட்டு சதவீத வட்டிதான், சார்!" என்று ஃபைனான்ஸ்காரர் சொல்கிறார். ஆறு லட்சம் கடன், நாலு வருஷம். கணக்கு எளிது: வருஷத்துக்கு 48,000, நாலு வருஷத்துக்கு 1,92,000. மொத்தம் 7,92,000. நாற்பத்தெட்டு மாதத்தில் வகுத்தால், மாதம் 16,500 ரூபாய். சரியாகத்தானே இருக்கிறது? அதுதான் இல்லை. மாதா மாதம் நீங்கள் அசலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். மூன்றாவது வருஷ முடிவில் பெரும்பகுதிக் கடன் தீர்ந்துவிடுகிறது. வட்டி மட்டும் முழு ஆறு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை ஓடிக்கொண்டிருக்கிறது! இதற்குத்தான் 'ஃப்ளாட்' வட்டி என்று பெயர். குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் எட்டு சதவீதம் போட்டால் மாதத் தவணை 14,650 ரூபாய் அளவில்தான் வரும். மாதம் 1,850 ரூபாய் வித்தியாசம். நாலு வருஷத்தில் 88,000-க்கும் மேல். அந்த 'வெறும் எட்டு' உண்மையில் பதினாலேகால் சதவீதத்தைத் தாண்டுகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ஃப்ளாட்டா, குறையும் பாக்கிக்கா?" இந்தக் கேள்வியைப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சாவதானமாகக் கேளுங்கள். எதிரே இருப்பவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொரு ஆயுதமும் உங்களுக்கு உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கொடுக்கும் கடன்களுக்கு ஒரு 'முக்கிய விவரக் குறிப்பு' கொடுத்தே தீர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வட்டி, கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் ஒரே எண்ணாக இருக்கும். கடன் வாங்குகிறவருக்குப் புரிந்த மொழியில் இருக்க வேண்டும். ஆகவே தமிழிலேயே கேளுங்கள். அதில் கண்ட நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லும். "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி" என்று யாராவது அவசரப்படுத்தினால், குறிப்பை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். வேறு இரண்டு வங்கிகளில் அந்த ஒரே எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க மூன்று நாள் தாராளம். ஈடு இல்லாமல் கிடைக்கும் முத்ரா கடனைப் பற்றியும் வங்கியில் விசாரியுங்கள். சரக்கு வண்டி வாங்கவும் அது உண்டு.

வளையல் விஷயம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? வருகிறேன். வளையலைவிடப் பெரிய விஷயம் உங்கள் கையெழுத்து. "சும்மா ஒரு ஜாமீன், ஃபார்மாலிட்டி" என்று உங்கள் பக்கம் ஒரு காகிதம் நகரும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். தவணை நின்றால் முதலில் அவரைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பது இல்லை. போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குடும்பம் என்றால் போட வேண்டித்தான் வரும். ஆனால் அத்தனை பொறுப்பு ஏற்கிறவர், வண்டிக்கு முன்பணமாக வளையலையும் தருகிறவர், வண்டியின் ஆர்.சி. யார் பெயரில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? எழுதாத காகிதத்தில் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம்.

புது வண்டி கட்டுப்படியாகாது, ஒன்றிரண்டு வருஷம் ஓடிய வண்டி பார்க்கலாம் என்றால், அதுவும் புத்திசாலித்தனமே. முதல் வருஷத்தில் விழுகிற விலையை வேறொருவர் ஏற்கெனவே தாங்கிக்கொண்டுவிட்டார் அல்லவா? இன்ஷூரன்ஸ் கணக்கில் ஓர் அட்டவணை உண்டு. ஆறு மாதம் தாண்டி ஒரு வருஷத்துக்குள் 15 சதவீதம், இரண்டு வருஷத்துக்குள் 20, மூன்று வருஷத்துக்குள் 30 சதவீதம் கழிப்பார்கள். சந்தை விலை அப்படியே இருக்காது. ஆனால் பேரத்தை ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. இங்கேதான் நான் முன்பு சொன்ன வரி விஷயம் வருகிறது. 2025-ன் ஆரம்பத்தில் வாங்கியவர், தாம் கொடுத்த பழைய விலையிலிருந்து கழிப்பார். "இப்போது புதுசே இன்ன விலைக்குக் கிடைக்கிறதே, ஐயா!" என்று நீங்கள் புது விலையிலிருந்து கழிக்க வேண்டும்.

எதற்காக விற்கிறார்? தவணை கட்ட முடியாமல் விற்பவர் பாவம், வண்டி பெரும்பாலும் நன்றாக இருக்கும். புது வண்டிக்கு எஃப்.சி. இரண்டு வருஷம். அது முடிகிற சமயம் பார்த்து, பெயிண்ட், டயர் செலவுக்குப் பயந்து தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எஃப்.சி. தேதியைப் பார்த்து, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

வண்டியைப் பார்க்க விடியற்காலையில் போங்கள். பானெட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால், காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியோ என்று சந்தேகிக்கலாம். நீலப் புகை வந்தால் என்ஜின் எண்ணெய் குடிக்கிறது. பின்தொட்டியின் தரை பள்ளமும் மேடுமாக இருந்து, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்திருந்தால், அளவுக்கு மேல் சுமந்த யானை அது. "அதிகம் ஓடவில்லை, மீட்டரைப் பாருங்கள்" என்றால், ஒரு சின்னப் பெருக்கல் போடுங்கள்: தினம் 80 கிலோமீட்டர், வருஷத்தில் 300 நாள் என்றால் 24,000. தினமும் ஓடிய வண்டி ஒன்றரை வருஷத்தில் 12,000 காட்டினால், கம்பெனி சர்வீஸ் ரசீதுகளைக் கேட்பது நல்லது. ஒவ்வொரு ரசீதிலும் அன்றைய மீட்டர் எண் இருக்கும். நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துச் சென்றால் இன்னும் விசேஷம். அவருக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது.

காகித விஷயத்தில் தாட்சண்யமே வேண்டாம். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பாருங்கள்; தரகர் கையிலிருக்கும் கையெழுத்திட்ட படிவங்களை நம்பிப் பணத்தை எண்ணிவிடாதீர்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், அவர்களுடைய ஆட்சேபணையின்மைக் கடிதமும், 35-ம் எண் படிவமும் வேண்டும். கட்டாத அபராதங்கள், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. தேதிகள் எல்லாவற்றையும் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். பெயர் மாற்ற 29, 30-ம் எண் படிவங்கள். விற்கிறவருக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்: ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றப் பதினாலு நாளுக்குள் விண்ணப்பியுங்கள். "ஐம்பது சதவீத போனஸ் இருக்கிறது, வண்டியோடு வந்துவிடும்" என்பார்கள். வராது, அந்தப் போனஸ் மனிதருக்கு உரியது, வண்டிக்கு அல்ல.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதற்குள் இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "வீட்டில் இருக்கிறது, நாளைக்கு அனுப்பிவைக்கிறேன்" என்றால், பாக்கிப் பணத்தில் ஐயாயிரத்தை நீங்களும் நாளைக்கே அனுப்பிவைக்கலாம்.